ஜாப் ஒர்க் பட்டறையில் லீன்: மெஷினை நகர்த்தும் முன் செய்ய வேண்டியவை

லீன் (வீணாவதைக் குறைத்து உற்பத்தி செய்யும் முறை) பற்றி வகுப்பெடுப்பவர்கள் பெரும்பாலும் டொயோட்டாவில் தொடங்கி டொயோட்டாவிலேயே முடித்துவிடுவார்கள். கார் தொழிற்சாலையில் நாளைக்கு எத்தனை வண்டி வெளியே போக வேண்டும் என்பது இன்றைக்கே தெரியும். இத்தனை நொடிக்கு ஒன்று என்று தாளம் போட்டு லைனை ஓட்டலாம். கோவை கணபதியிலோ சென்னை அம்பத்தூரிலோ பத்துப் பன்னிரண்டு மெஷின் வைத்து ஜாப் ஒர்க் (மற்றவர் தரும் டிராயிங்படி பாகம் செய்து கொடுக்கும் வேலை) செய்பவருக்கு நாளைக்கு எந்த டிராயிங் வரும் என்பதே தெரியாது. காலையில் நூறு பம்ப் ஷாஃப்ட், மதியம் ஒரே ஒரு பழைய கியர் பாக்ஸ் கவருக்கு போரிங், சாயங்காலம் "அண்ணே, லைன் நிக்குது, நாலே நாலு புஷ் மட்டும் போட்டுக் குடுங்க" என்று ஒரு போன்.

இந்த இடத்தில் தாளம் வைத்து ஓட்டுகிற லைனையும், எல்லாப் பாகத்துக்கும் கான்பான் அட்டையையும் (பாகம் தீர்ந்ததும் அடுத்ததைச் செய்யச் சொல்லும் அட்டை) கொண்டுவந்தால் மூன்றே மாதத்தில் அட்டைகள் அலமாரிக்குப் போய்விடும். அதனால் லீனே நமக்கு ஆகாது என்று ஒதுக்கவும் வேண்டாம். காத்திருப்பைக் குறைப்பது, செட்டிங் நேரத்தை (அடுத்த பாகத்துக்கு மெஷினைத் தயார்செய்யும் நேரம்) குறைப்பது, ஒரே வழியில் போகிற பாகங்களை ஒரே இடத்தில் முடிப்பது ஆகிய மூன்றும் ஜாப் ஒர்க்குக்கு அப்படியே பொருந்தும். மூன்றாவது யோசனை டொயோட்டாவிடம் இருந்து வந்ததும் அல்ல. ஒத்த பாகங்களைக் குழுவாக்கிச் செய்யும் முறையை 1950களில் சோவியத் பொறியாளர் மித்ரோஃபனோவ் எழுதிவைத்தார். அதைத் தொழிற்சாலை முழுவதற்கும் விரித்துக் கொடுத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் பர்பிட்ஜ்.

பட்டறையைப் புதிதாக எடுத்து நடத்துபவருக்கும், புரொடக்‌ஷன் பொறுப்புக்குப் புதிதாக வந்திருப்பவருக்கும் இந்தக் கட்டுரை. மெஷினைத் தூக்கக் கிரேன் சொல்வது இதில் கடைசிப் பக்கம் வரும் வேலை. முதல் வேலை மேஜையில்தான்.

1. பழைய ஜாப் கார்டுகளைத் தோண்டுங்கள்

கடந்த ஆறு மாதத்து ஜாப் கார்டு, டெலிவரி சலான், பில் எல்லாவற்றையும் எடுத்து ஒரு எக்செல் ஷீட்டில் போடுங்கள். ஒரு பாகத்துக்கு ஒரு வரி. பாகத்தின் பெயர், எத்தனை முறை ஆர்டர் வந்தது, மொத்தம் எத்தனை பீஸ், எவ்வளவு பணம், எந்தெந்த மெஷினில் எந்த வரிசையில் போனது. ஜாப் கார்டே எழுதுவதில்லை என்றால் சூப்பர்வைசரையும் மூத்த டர்னரையும் உட்காரவைத்து நினைவிலிருந்து எழுதுங்கள். அவர்கள் சொல்லும் வழி பத்தில் எட்டு சரியாகவே இருக்கும்.

அப்புறம் மூன்றாகப் பிரியுங்கள்: மாதாமாதம் வருபவை, அவ்வப்போது வருபவை, ஒருமுறை வந்து போனவை. "நம்ம பட்டறையில எல்லாமே புதுசு புதுசாத்தான் வரும்" என்று முதலாளி சொல்வார். பட்டியலைப் பார்த்தால் பாதிக்கு மேல் ஷாஃப்ட், புஷ், ஃபிளாஞ்ச், பிளேட் என்ற நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும். அளவும் டிராயிங் நம்பரும்தான் மாறியிருக்கும், போகிற வழி ஒன்றாகவே இருக்கும். லேஅவுட் (மெஷின்களை வைக்கும் அமைப்பு) போடுபவருக்கு டிராயிங்கைவிட வழிதான் முக்கியம்.

2. ஒரு லாட்டின் கூடவே நடங்கள்

அடிக்கடி வரும் பாகம் ஒன்றின் லாட்டை (ஒன்றாக ஓடும் ஒரு தொகுதி பீஸ்) தேர்ந்தெடுங்கள். மெட்டீரியல் உள்ளே வந்த நேரத்திலிருந்து டெலிவரி சலான் போடும் நேரம் வரை அது எங்கே இருந்தது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். டூல் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்த நேரம் தனி, மற்ற நேரமெல்லாம் தனி. டூல் தொட்ட நேரம் சில மணி, பட்டறைக்குள் இருந்த நேரம் ஒரு வாரத்துக்கு மேல் என்று வந்தால் திடுக்கிட வேண்டாம், ஜாப் ஒர்க்கில் அது சாதாரணம்.

இங்கேதான் பலர் தடம் மாறுகிறார்கள். ஃபீடை (டூல் நகரும் வேகம்) ஏற்றுவது, விலை அதிகமான இன்சர்ட் (டூலின் வெட்டும் முனை) வாங்குவது என்று அந்தச் சில மணியை இன்னும் குறைக்கப் பார்ப்பார்கள். மிச்ச நாட்கள் எல்லாம் பாகம் டிராலியிலும் தரையிலும் கழிந்திருக்கின்றன. கை வைக்க வேண்டிய இடம் அது.

3. தூரத்தை அளந்துபாருங்கள்

ஷெட்டின் பிளானை அளவு பிசகாமல் சார்ட் பேப்பரில் வரையுங்கள். 1:50 அளவு கைக்கு வசதியாக இருக்கும். தூண், வாசல், ஈ.பி. (மின் இணைப்பு) பேனல், கம்ப்ரஸர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அடிக்கடி வரும் பாகங்கள் போகும் வழியை ஒவ்வொரு நிறத்தில் பேனாவால் இழுங்கள். நாலாவது பாகத்திலேயே தாள் நூடுல்ஸ் மாதிரி ஆகிவிடும். அதைச் சுவரில் ஒட்டுங்கள். பேசிப் புரியவைக்க முடியாததை அந்தத் தாள் புரியவைக்கும்.

படம் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் அடிக்கணக்கில் தூரம், மாதத்துக்கு எத்தனை டிராலி நடை. இரண்டையும் பெருக்குங்கள். பீஸ் எண்ணிக்கையைப் போடாதீர்கள், நடையைத்தான் போட வேண்டும். ஆயிரம் வாஷர் ஒரே டிரேயில் போகும், ஒரு பேஸ் பிளேட்டுக்கு ஒரு டிராலி தேவைப்படும்.

ஒரு கற்பனைப் பட்டறையை வைத்துப் பார்ப்போம். பேண்ட் சா ஒன்று, சாதா லேத் மூன்று, சி.என்.சி. டர்னிங் (கணினி புரோகிராமில் தானாக ஓடும் லேத்) இரண்டு, மில்லிங் ஒன்று, வி.எம்.சி. (கணினி புரோகிராமில் ஓடும் செங்குத்து மில்லிங் மெஷின்) இரண்டு, ரேடியல் டிரில் ஒன்று, சர்ஃபேஸ் கிரைண்டர் ஒன்று, சிலிண்ட்ரிகல் கிரைண்டர் ஒன்று. வழக்கம்போல லேத்தெல்லாம் ஒரு வரிசை, வி.எம்.சி. ஒரு வரிசை, கிரைண்டர்கள் பின் மூலையில். ஷாஃப்ட் சி.என்.சி.யில் டர்னிங் முடிந்து 45 அடி தள்ளி மில்லிங்குக்குக் கீவே (சாவி உட்காரும் பள்ளம்) போடப் போகிறது, அங்கிருந்து 50 அடி தள்ளிக் கிரைண்டிங். மாதம் 30 நடை. 95 அடியை 30ஆல் பெருக்கினால் 2,850. ஒரு ஃபிக்சர் பிளாக் பட்டறையையே சுற்றி 110 அடி போகிறது, ஆனால் மாதம் இரண்டே நடை, 220தான். படத்தில் கண்ணை உறுத்துவது ஃபிக்சர் பிளாக்கின் கோடு. சரிசெய்ய வேண்டியது ஷாஃப்ட்டின் வழி.

சரி, 2,850 அடி என்பது ஒரு கிலோமீட்டர்கூட இல்லையே, ஒரு ஆள் கால் மணி நேரத்தில் நடந்துவிடுவானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நடையைச் சேமிப்பதற்காக யாரும் பத்து டன் மெஷினை நகர்த்துவதில்லை. தூரம் அதிகமாக இருந்தால் ஆபரேட்டர் பத்துப் பீஸுக்கு ஒரு நடை நடக்க மாட்டார், டிராலி நிறையட்டும் என்று காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்குத்தான் காசு போகிறது.

நூறு ஷாஃப்ட் லாட்டை எடுங்கள். டர்னிங் ஒரு பீஸுக்கு 6 நிமிஷம், கீவே 4, கிரைண்டிங் 5. நூறும் முடிந்த பிறகே அடுத்த மெஷினுக்குப் போகும் என்றால் 600, 400, 500 என்று மொத்தம் 1,500 நிமிஷம், அதாவது 25 மணி நேரம். அதே நூறைப் பத்துப் பத்தாக நகர்த்தினால்? டர்னிங் 600 நிமிஷத்தில் முடியும், மற்ற இரண்டும் கூடவே ஓடிக்கொண்டிருக்கும். கடைசிப் பத்துக்குக் கீவே 40, கிரைண்டிங் 50. மொத்தம் 690 நிமிஷம், பதினொன்றரை மணி நேரம். செட்டிங் நேரம் இதில் சேரவில்லை. ஆனால் புது மெஷின் இல்லாமல், ஸ்பீடை ஏற்றாமல் இந்த மிச்சம் கிடைக்கிறது. மூன்று மெஷினும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் பத்துப் பத்தாக நகர்த்த யாருக்கும் மனம் வரும். லேஅவுட் மாற்றத்தின் மொத்தக் காரணமும் இதுதான். இது பிடிபடாமல் மெஷினை நகர்த்தினால், கிட்டக் கிட்ட வைத்த மெஷின்களுக்கு நடுவிலும் நூறு நூறாகத்தான் குவியும்.

4. குடும்பம் பிரியுங்கள்

ஒரு பக்கம் பாகங்கள், மேலே மெஷின்கள் என்று கட்டம் போட்டு, எது எதில் போகிறதோ அங்கே புள்ளி வையுங்கள். பிறகு வரிசைகளையும் பத்திகளையும் மாற்றி மாற்றி வைத்துப் புள்ளிகளைக் கூட்டம் கூட்டமாகச் சேர்க்கப் பாருங்கள். முப்பது நாற்பது பாகம் வரை கையாலேயே செய்யலாம், எக்செல் போதும்.

நம் கற்பனைப் பட்டறையில் மூன்று கூட்டம், அதாவது மூன்று குடும்பம் தெரியும். பம்ப் ஷாஃப்ட், மோட்டார் ஷாஃப்ட் எல்லாம் சி.என்.சி., மில்லிங், சிலிண்ட்ரிகல் கிரைண்டர். புஷ், ஃபிளாஞ்ச் இரண்டும் சி.என்.சி., டிரில். பேஸ் பிளேட், ஃபிக்சர் பிளாக் வி.எம்.சி., சர்ஃபேஸ் கிரைண்டர். ஆனால் பேஸ் பிளேட்டுக்கும் ரேடியல் டிரில் வேண்டும். ஒரே டிரில், இரண்டு குடும்பம் சண்டை போடுகிறது.

இந்தச் சண்டை எல்லாப் பட்டறையிலும் வரும். தீர்க்க வழி உண்டு. பிளேட்டின் துளைகளை வி.எம்.சி.யிலேயே அதே செட்டிங்கில் போட்டுவிடலாம். வி.எம்.சி.யின் மணிக்கட்டணம் அதிகம் என்பார்கள், ஆனால் ஒரு செட்டிங்கும் ஒரு வரிசையும் மிச்சமாவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பல பாகங்களுக்குக் கட்டுப்படியாகும். இல்லையென்றால் புஷ் குடும்பத்துக்கென்று பழைய பில்லர் டிரில் ஒன்று வாங்கி சி.என்.சி. பக்கத்தில் போட்டுவிடலாம். விலை குறைந்த மெஷின் பாதி நாள் சும்மா நின்றாலும் பரவாயில்லை. இதை முதலாளிக்குப் புரியவைப்பதுதான் கஷ்டம். சும்மா நிற்கும் மெஷினைப் பார்த்தால் அவருக்குத் தூக்கம் வராது.

எல்லாவற்றையும் குடும்பத்துக்குள் அடைக்கப் பார்க்காதீர்கள். மூன்று சாதா லேத்தும் ஒரு பக்கம் அப்படியே இருக்கட்டும். ஒருமுறை வரும் வேலை, ரிப்பேர், அந்த நாலு புஷ் அவசரம் எல்லாம் அங்கே போகும். அவசர வேலை ஷாஃப்ட் குடும்பத்துக்குள் நுழையாமல் இருப்பதே பெரிய லாபம்.

5. தாளில் நகர்த்துங்கள், பிறகு தரையில்

மெஷின்களை அதே 1:50 அளவில் அட்டையில் வெட்டுங்கள். வெறும் பாடியை வெட்டக் கூடாது. பேனல் கதவு முழுதாகத் திறக்கும் இடம், சிப் அள்ளும் இடம், கூலன்ட் டேங்கை வெளியே இழுக்கும் இடம், ஆபரேட்டர் நிற்கும் இடம் எல்லாம் சேர்த்து வெட்டுங்கள். ஸ்பிண்டில் வழியாக நீளமான ராடு போடுகிற லேத் என்றால் பின்பக்கம் அந்த ராடுக்கான நீளத்தையும் விட வேண்டும்; இதை மறந்துவிட்டுச் சுவரை உடைத்தவர்கள் உண்டு.

நகர்த்த முடியாதவற்றை முதலில் ஒட்டிவிடுங்கள்: ஃபவுண்டேஷன் போட்ட பெரிய மெஷின், ஈ.பி. பேனல், கிரேன் ஓடும் பாதை. பேண்ட் சா மெட்டீரியல் இறங்கும் வாசல் பக்கம். கிரைண்டர்கள் அதிர்வு தரும் பிரஸ், கம்ப்ரஸர் எதனோடும் ஒட்டாமல். இன்ஸ்பெக்‌ஷன் மேஜை முடிந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உள்ளேயே; முதல் பீஸைத் தூக்கிக்கொண்டு ஷெட்டின் மறு கோடிக்கு நடந்தால் திரும்பி வருவதற்குள் இருபது பீஸ் ஓடியிருக்கும்.

குடும்பத்துக்குள் மெஷின்களை "ப" வடிவில் வைத்தால் ஒருவரே இரண்டு மெஷினைப் பார்த்துக்கொள்ள முடியும். சி.என்.சி. தானாக ஓடும் ஆறு நிமிஷத்தில் அவர் கீவே போட்டுவிடலாம். ஆபரேட்டர் நிற்கும் பக்கங்கள் எல்லாம் உள்நோக்கி இருக்க வேண்டும்.

வாஸ்துவையும் இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். ஈசான்ய மூலையில் கனமான மெஷின் கூடாது, கன்னி மூலையில்தான் பாரம் வேண்டும் என்று எல்லாம் முடிந்தபிறகு ஒரு பெரியவர் சொல்வார், கிரேன் வாடகை இரண்டாவது முறை ஆகும். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, ஈ.பி. பேனலைப் போல அதையும் ஒரு நிபந்தனையாகத் தாளில் எழுதிவிட்டால் வேலை சுலபம்.

நகர்த்துவது ஒரு குடும்பம் மட்டும், அதுவும் தீபாவளி, பொங்கல் மாதிரி நீண்ட லீவில். சி.என்.சி., வி.எம்.சி.களை இறக்கிவைத்ததும் மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் ஸ்பிரிட் லெவல் வைத்து லெவல் பார்த்து, ஒரு டெஸ்ட் பீஸ் வெட்டி அளந்த பிறகே புரொடக்‌ஷன். ஒரு குடும்பம் இரண்டு மாதம் ஓடி, அது தரும் எண்களைப் பார்த்த பிறகு அடுத்தது.

6. செட்டிங் நேரம்

லாட் சின்னதானால் செட்டிங் அதிகமாகும். ஒரு செட்டிங்குக்கு இரண்டு மணி நேரம் ஆகிற பட்டறையில் மேலே சொன்னது எதுவும் நிற்காது.

1969இல் டொயோட்டாவின் 1,000 டன் பிரஸ் ஒன்றில் டை (அச்சு) மாற்ற நாலு மணி நேரம் ஆனது. ஷிகியோ ஷிங்கோ அதை முதலில் 90 நிமிஷத்துக்கும் பிறகு மூன்று நிமிஷத்துக்கும் கொண்டுவந்தார். அவர் பிடித்த நூல் சின்னது: மெஷின் நின்றால்தான் செய்யக்கூடியது எது, ஓடும்போதே செய்துவைக்கக்கூடியது எது என்று பிரித்தார், இரண்டாவதை எல்லாம் வெளியே தள்ளினார்.

நம் சி.என்.சி. செட்டிங்கை ஒருமுறை செல்போனில் வீடியோ எடுத்துப் பாருங்கள். ஆபரேட்டர் டிராயிங் தேடுவார், ஆலன் கீ தேடுவார், சாஃப்ட் ஜா (பாகத்தைப் பிடிக்கும் மென்மையான தாடை) எங்கே என்று ஸ்டோருக்கு நடப்பார், இன்சர்ட் பெட்டியைத் திறந்தால் காலி. அத்தனை நேரமும் மெஷின் நின்றுகொண்டிருக்கும். வீடியோவை அவரையே பார்க்கச் சொல்லுங்கள், திட்டுவதற்குப் பயன்படுத்தாதீர்கள். திட்டினால் அடுத்த வீடியோ கிடைக்காது.

ஒரு செட்டிங் டிராலி போதும். அடுத்த லாட்டின் டிராயிங், புரோகிராம் நம்பர், ஏற்கெனவே அளவுக்குக் குடைந்துவைத்த சாஃப்ட் ஜா, இன்சர்ட், கேஜ் எல்லாம் முதல் லாட் ஓடும்போதே ஹெல்ப்பர் அதில் எடுத்துவைத்திருக்க வேண்டும். டரட்டில் (டூல்களை மாட்டும் சுழல் தலை) 12 ஸ்டேஷன் இருந்தால் எட்டை நிரந்தரமாக்குங்கள்: ரஃப் டர்னிங், ஃபினிஷ் டர்னிங், குரூவிங், த்ரெடிங், சென்டர் டிரில், போரிங் பார் போன்றவை இடம் மாறவே கூடாது. மிச்ச நாலு மட்டும் லாட்டுக்கு லாட் மாறும். எல்லா புரோகிராமும் அதே ஸ்டேஷன் நம்பரில் எழுத வேண்டும், பழைய புரோகிராம்களை வரும்போது வரும்போது திருத்திக்கொண்டால் போதும். ஷாஃப்ட் குடும்பம் ஒரே மெஷினில் வருவதால் சக்கை (பாகத்தைப் பிடிக்கும் தலை) கழற்றும் வேலையும் பெரும்பாலும் இருக்காது. குடும்பம் பிரித்ததன் பலன் லேஅவுட்டைவிட இங்கேதான் அதிகம் தெரியும் என்பது என் கட்சி.

7. பட்டறைக்குள் விடுவதைக் கட்டுப்படுத்துங்கள்

மெட்டீரியல் வந்தவுடன் வெட்டித் தரையில் இறக்குவது நம் வழக்கம். "வேலையை ஆரம்பிச்சாச்சு சார்" என்று கஸ்டமரிடம் சொல்லலாம் என்பதுதான் அதிலுள்ள ஒரே சௌகரியம். தரையில் 60 லாட், ஒரு நாளைக்கு 5 லாட் வெளியே போகிறது என்றால் ஒரு லாட் சராசரியாக 12 நாள் உள்ளே கிடக்கும். 30 லாட் மட்டும் விட்டு, மெஷின்கள் பட்டினி கிடக்காமல் அதே 5 வெளியே போனால் 6 நாள். லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் நிரூபித்த விதி இது.

வெள்ளை போர்டில் குடும்பத்துக்கு இத்தனை கட்டம் என்று போடுங்கள். ஒரு லாட் வெளியே போய்க் கட்டம் காலியானால்தான் அடுத்ததற்குப் பேண்ட் சாவில் வெட்டு. அவசர வேலைக்குச் சிவப்பு அட்டை, ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் கூடாது. பத்துச் சிவப்பு அட்டை தொங்கினால் எதுவும் அவசரம் இல்லை என்றுதான் பொருள்.

கூடவே, எல்லா மெஷினையும் நூறு சதவீதம் நிரப்பும் ஆசையையும் விட வேண்டும். வேலை ஒழுங்கில்லாமல் வந்துசேரும் ஒரு மெஷினுக்கு, வரிசைக் கோட்பாட்டின் எளிய மாதிரிப்படி, 80 சதவீதம் நிரம்பினால் காத்திருப்பு வேலை நேரத்தைப் போல 4 மடங்கு. 90இல் 9 மடங்கு, 95இல் 19 மடங்கு. இ.எம்.ஐ. கட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு கசக்கும். கஸ்டமருக்குத் தேதி சொல்லித் தவறுவதும் இந்தக் கணக்கில் இருந்துதான் வருகிறது.

8. ஆட்களும் மற்றவையும்

5எஸ் (பட்டறையை ஒழுங்காகவும் சுத்தமாகவும் வைக்கும் முறை) பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஆயுத பூஜைக்கு முதல் நாள் பட்டறை எப்படி இருக்கிறதோ அப்படி வாரக் கடைசி ஒவ்வொன்றிலும் இருந்தால் போதும். பயன்படாத பழைய ஃபிக்சர், எந்தக் கஸ்டமருடையது என்றே தெரியாத காஸ்டிங் இவற்றை வெளியேற்றினாலே ஒரு மெஷினுக்கான இடம் கிடைப்பதுண்டு.

பீஸ் ரேட்டில் வேலை செய்பவர்களிடம் பத்துப் பத்தாக நகர்த்தச் சொல்லும் முன் சம்பள முறையைப் பேசி முடியுங்கள். ஒரே மெஷினில் எண்ணிக்கை காட்டினால் பணம் என்று இருக்கும்வரை எவரும் பக்கத்து மெஷினைப் பார்க்க மாட்டார். ஒடிசா, பீகார் தம்பிகள் இருக்கும் பட்டறையில் ஜாப் கார்டில் எழுத்தைக் குறைத்துப் படமும் நிறமும் வையுங்கள். ஷாஃப்ட் குடும்பம் நீலம் என்றால் டிரே, அட்டை, தரைக்கோடு எல்லாம் நீலம்.

வெளியே போகும் வேலைகளையும் விடாதீர்கள். ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கும் பிளேட்டிங்குக்கும் வாரம் ஒருமுறை வண்டி அனுப்பினால், உள்ளே மிச்சம் பிடித்த நாட்களெல்லாம் அங்கே போய்விடும். வாரம் இரண்டு முறை சின்ன லோடாக அனுப்ப முடியுமா என்று அவர்களிடம் பேசிப் பாருங்கள்.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், மத்திய எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) அமைச்சகம் 2023 மார்ச்சில் புதுப்பித்த லீன் திட்டம் இருக்கிறது. உத்யம் என்ற அரசின் தொழில் பதிவு வேண்டும். பேசிக், இன்டர்மீடியட், அட்வான்ஸ்டு என்று மூன்று நிலை. அறிவித்தபோது ஆலோசகர் கட்டணத்தில் 90 சதவீதத்தை அரசு ஏற்பதாகவும், பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர் நடத்தும் குறு, சிறு நிறுவனங்களுக்கு இன்னும் 5 சதவீதம் சேர்த்துத் தருவதாகவும் விதி. விண்ணப்பிக்கும் முன் இப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வருகிற ஆலோசகர் முதல் நாளே டொயோட்டா படம் போட்டால், உங்கள் ஜாப் கார்டு ஷீட்டை அவர் முன் வைத்து, எங்கே தொடங்கலாம் என்று கேளுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதல் படியின் ஷீட்டைத் திரும்பப் போட வேண்டும். ஒரு பெரிய கஸ்டமர் போனால் ஒரு குடும்பமே கலைந்துவிடும், இன்னொருவர் வந்தால் புதிதாக ஒன்று முளைக்கும். அதனால் சின்ன மெஷின்களைக் கான்கிரீட்டில் புதைக்காமல் அதிர்வு தாங்கும் லெவலிங் பேட் மேல் நிறுத்துங்கள். கரன்ட், ஏர் லைன் இரண்டையும் தரைக்குள் கொண்டுபோகாமல் தலைக்கு மேலே இழுத்து, ஒவ்வொரு மெஷினுக்கும் கேபிளில் சில அடி உபரி விட்டுவையுங்கள்.